அங்கேயே போட்டாச்சு

1. பிறந்தவுடன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒட்டுக்கேட்டுத் திருடினேன்.

அன்று புதன்கிழமை. நான் போனில் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம், "அனுப்பிட்டேன் சார், போன வாரமே மெயில்ல போட்டாச்சு. வரலையா? ஸ்பேம்ல கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கதைக்கு நான் அதுவரை தலைப்புகூட எழுதியிருக்கவில்லை. போனை வைத்தேன். முன் சீட்டில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே தன் போனில் சொன்னாள்:

"போட்டாச்சு சிஸ்டர். ஊசி அங்கயே போட்டாச்சு."

ஆளை எனக்குத் தெரியாது. அந்தக் குரலைத் தெரியும். அரை நிமிடத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த அதே குரல். கொஞ்சம் அவசரம், கொஞ்சம் பணிவு, கடைசி எழுத்தில் ஒரு சின்ன இழுப்பு. இரண்டு பொய்யர்கள் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் விக்கிரவாண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கி, புதுச்சேரி பஸ் நிற்கும் பக்கம் வேகமாகப் போய்விட்டாள். பின்னாலேயே போய்ப் பெயர் கேட்டிருந்தால் செருப்படி வாங்கியிருப்பேன். அதனால் நானே கலைப்பிரியா என்று வைத்தேன். குழந்தைக்குப் பூவரசன். ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு பொய். பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரியில் போட்டு அனுப்புகிற ஊசி மாதிரி, கதைக்கு இவை மட்டும் காலத்தோடு விழுந்துவிட்டன. மற்றதெல்லாம் தாமதம்தான்.

2. ஆறாவது வாரம்

முதல் தொடக்கம்: "கலைப்பிரியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பனைமரங்கள் பின்னோக்கி

(வேண்டாம். நம் கதைகளில் யாராவது பஸ் ஏறினாலே பனைமரங்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. அவையும் எவ்வளவுதான் ஓடும்!)

இரண்டாம் தொடக்கம்: "படிப்பறிவில்லாத கலைப்பிரியாவுக்குத் தடுப்பூசி என்றாலே பயம். அவள்

(சுத்தப் பொய். அவள் பி.காம். எந்த வாரம் எந்த ஊசி, எந்தச் சொட்டு என்று என்னைவிட நன்றாக ஒப்பிப்பாள். அவளுக்குத் தெரியாமல் போனதால் ஊசி தவறவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "கணவன் மணிமாறன் ஒரு முரடன். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, என் பிள்ளைக்கு ஊசியே கூடாது என்று

(இதுவும் நடக்கவில்லை. மணிமாறனை முரடனாக்க நான் படாத பாடு பட்டேன். மீசையைப் பெரிதாக்கினேன், குரலைத் தடிப்பாக்கினேன். மீசையோடு நின்று குழந்தைக்கு 'ஙா... ஙா...' என்று வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான். அப்படியே விட்டுவிட்டேன்.)

விஷயம் இவ்வளவுதான். மணிமாறனுக்குக் கண்டமங்கலம் பக்கம் ஊர். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை. கலைப்பிரியாவுக்குப் பிறந்த வீடு திண்டிவனம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் குழந்தை பிறந்து முதல் சில மாதங்கள் அவள் அங்கேதான் இருந்தாள். ஆறு நாள் மணிமாறன் பிள்ளையைப் போனில் பார்ப்பான். ஏழாம் நாள் முதல் பஸ் பிடித்து, ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டையோடு (வேர்க்கடலைதான்) வந்து இறங்குவான். அந்த ஏழாம் நாள் புதன்கிழமை, அவனுக்கு வார விடுமுறை. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாளும் புதன்கிழமை.

ஆறாவது வாரம் கலைப்பிரியா குழந்தைக்குத் தொப்பி மாட்டி, தடுப்பூசி அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். அப்போதுதான் அவன் உள்ளே வந்தான்.

"இன்னா கலை, வாரத்துல ஒரு நாளுதான் வர்றேன். அன்னிக்குன்னு பாத்து ஊசி போட்டு நாள் பூரா அழுவ வுடணுமா? அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாலே ஊசிக்காரன் வந்துட்டான்னு கத்தப் போறான்."

"அப்ப எப்பதாங்க போடறது?"

"அடுத்த வாரம் போட்டுக்கினு வந்துடு. நான் சாயந்தரமா வர்றேன்."

அடுத்த வாரமும் காலையிலேயே வந்துவிட்டான். பிள்ளை ஞாபகம் வந்தவனிடம் சாயந்தரம் என்று சொல்லி என்ன பிரயோஜனம்! குழந்தை அவன் மார்பில் குப்புறப் படுத்து எச்சில் ஒழுகத் தூங்கியது. கலைப்பிரியா கதவருகில் அட்டையோடு நின்று பார்த்தாள். எழுப்ப மனம் வரவில்லை. அட்டை திரும்பப் பைக்குள் போயிற்று.

[குறிப்பு: மணிமாறனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொடுக்கலாம். கம்பெனி என்னுடையது, பேனாவும் என்னுடையது. கொடுத்தால் பிள்ளைக்கு எல்லா ஊசியும் காலத்தோடு விழுந்துவிடும், எனக்குக் கதை இருக்காது. ஆகவே கொடுக்கவில்லை. பூவரசனுக்கு ஊசி தவறியதில் முதல் குற்றவாளி யாரென்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.]

3. பத்தாவது வாரம்

(இந்தப் பகுதி குறித்த நாளில் எழுதப்படவில்லை. அன்றைக்கு எனக்கு முகையூரில் ஒரு கல்யாணம்.)

4. பதினாலாவது வாரம்

(இதுவும்தான். ஆசிரியர் மறுபடி போன் செய்தார். சர்வர் கோளாறாக இருக்கும் என்றேன்.)

5. ஒன்பதாவது மாதம் (3, 4 இரண்டும் சேர்த்து)

விட்டதையெல்லாம் ஒரே மூச்சில் தருகிறேன். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், சுருக்கென்று முடிந்துவிடும்.

ஐந்தாம் மாதம் குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அழைத்துப் போக மணிமாறன் வர வேண்டும், அவன் வர விடுமுறை வேண்டும், ஆகவே புதன்கிழமை. ஆடி பிறக்கப் போகிறது என்று பெண்ணைத் திரும்பத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவும் புதன்கிழமை. ஆவணியில் திரும்பினாள். அப்புறம் அங்கே ஒரு வளைகாப்பு, இங்கே ஒரு கிரகப்பிரவேசம். புதன்கிழமைகளில் பூவரசன் எந்த ஊரிலும் இருப்பதில்லை. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பான்.

திண்டிவனத்து நர்ஸம்மா பெயர் சவுரியம்மாள். தன் பட்டியலில் ஒரு பிள்ளை விட்டுப்போனாலும் அவருக்குச் சோறு இறங்காது. போன் செய்தார்.

"கலைப்பிரியா, தம்பிக்கு ஊசி டேட்டு போயிட்டு கீதே. எங்க கீற?"

கலைப்பிரியா அப்போது கண்டமங்கலத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அங்க வர முடியல சிஸ்டர்" என்று உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சவுரியம்மாள் திட்ட ஆரம்பித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பது திண்டிவனத்தில் அந்தப் பக்கம் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மாமியார் வேறு பக்கத்தில் நின்றார். வாய் தானாகச் சொன்னது: "இங்கயே போட்டாச்சு சிஸ்டர்."

மனதுக்குள், அடுத்த புதன் போட்டுவிடத்தானே போகிறோம் என்று சமாதானம். அடுத்த புதன் பஸ்ஸில் போனது. கண்டமங்கலத்து நர்ஸ் கேட்டபோது, "எங்கம்மா வூட்லயே போட்டாச்சு." ஒருநாள் மணிமாறனே கேட்டான். அவனிடமும் அதேதான். கம்ப்யூட்டரில் தெரிந்துவிடாதா என்று கேட்கும் வாசகருக்கு: தயவுசெய்து கேட்காதீர்கள், கதைக்கு மூச்சுவிட ஓர் ஓட்டை வேண்டும்.

பொய்யின் பேஜாரே இதுதான். முதல் வாரமே உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு திட்டு. ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஆறு மாதத்துத் திட்டு. நாள் ஆக ஆக அவளுக்கு வாய் திறக்கவில்லை. குழந்தை லேசாக இருமினால்கூட ஓடிவந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். தூங்கும் பிள்ளையின் தொடையைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு தழும்பு இல்லாத, வெண்ணெய் மாதிரியான தொடை. மற்ற தாய்மார்கள் பெருமைப்படுவார்கள், இவளுக்கு அழுகை வரும்.

இந்த இடத்தில் நான் ஒரு தப்புக் காரியம் செய்தேன். கதைக்கு ஒரு காய்ச்சல் தேவை என்று தோன்றியது. எழுதினேன்: "எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை கண்டிருந்தது. மறுவாரம் பூவரசனின் கண்கள் சிவந்தன. உடம்பு அனலாக

நிறுத்திவிட்டேன். எட்டுப் பல் முளைத்து, செல்போனைக் கண்டால் 'அப்பா' என்று சொல்கிற பிள்ளை. என் கதை முடிவு நன்றாக வர வேண்டும் என்பதற்காக அவனை ஏன் படுக்கவைக்க வேண்டும்? பெரிய எழுத்தாளர்கள் படுக்கவைத்திருப்பார்கள், விருதும் வாங்கியிருப்பார்கள். நான் அந்த வரிகளை அடித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆகவே பூவரசனுக்குக் காய்ச்சல் இல்லை. பிறந்தநாள் இருந்தது. ஒரு வயது நிறைவது வியாழக்கிழமை. திருவக்கரை கோயிலில் மொட்டை, காது குத்து, இரண்டு வீட்டு ஜனமும் வருகிறார்கள். திங்கட்கிழமை, திண்டிவனத்தில், பிறந்த நேரம் பார்க்க வேண்டுமென்று அவள் தம்பி அந்த அட்டையைக் கேட்டான். கலைப்பிரியா எடுத்துப் பிரித்தாள். பிறந்தவுடன் என்ற கட்டத்தில் மட்டும் தேதி. மற்ற கட்டங்கள் எல்லாம் வெள்ளை. சில ஊசிகளை ஒரு வயதுக்குள் தொடங்கினால்தான் உண்டு, அப்புறம் தொடங்கவே முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வியாழனுக்கு முன்னால் ஒரே ஒரு புதன்கிழமை மிச்சமிருந்தது.

6. அந்தப் புதன்கிழமை (அட்டையில் இல்லாத கட்டம்)

முதல் வழி: அவள் யாருக்கும் தெரியாமல் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடட்டும் என்று எழுதினேன். எட்டரை மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். வாசலில் மணிமாறன், கையில் மல்லாட்டைப் பை, தோளில் பிறந்தநாள் பலூன் பாக்கெட்டு. அவனை நான் பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தேன்.

இரண்டாம் வழி: சளிக்கு மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லட்டும். சொல்ல வாயெடுத்தாள். குழந்தை அப்பனிடம் தாவி, மூக்கில் ஒரு சொட்டு சளி இல்லாமல் சிரித்தது. காட்டிக்கொடுத்துவிட்டான் பாவி.

அதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். அவளே பேசினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"சொல்லு."

"பூவுக்கு ஊசி போடல."

"எந்த ஊசி?"

"எந்த ஊசியும்தான். பொறந்தன்னிக்குப் போட்டதோட சரி."

மணிமாறனுக்கு இந்த இடத்தில் கத்துவதற்கு முக்கால் பக்கம் தயாராக வைத்திருந்தேன். அவன் பலூன் பாக்கெட்டை நாற்காலியில் வைத்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான்.

"இன்னாது?"

"நம்மூரு நர்ஸம்மா எனக்கும் போன் போட்டாங்க. மாமியாரு வூட்ல போட்டாச்சுன்னு நானும் சொல்லிட்டேன். ஆனா உள்ள உறுத்திக்கினேதான் இருந்துது. ஒரு தடவகூட தொடையில வீக்கம் பாக்கல, ஜொரம்னு நீ சொல்லல. திரும்பக் கேட்டா நீ அழுவ. மொதல்ல தள்ளிப்போட்டவனே நான்தானே, எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?"

"திரும்பக் கேட்டிருக்கலாம்ல!"

"நீ சொல்லியிருக்கலாம்ல!"

சத்தியமாக இது எனக்குத் தெரியாது. இத்தனை பக்கம் கூடவே இருந்தும் இவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலைப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆறு மாதம் இரண்டு பேரும் ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள்.

"நாளைக்கு மொட்டை, காது குத்துன்னு கீது" என்று மணிமாறன் தயங்கினான். "ஜொரம் வந்துச்சின்னா?"

"நாளைக்கு ஆசாரி குத்துறதும் ஊசிதான். அதுக்கு ஊரையே கூப்புட்டு சோறு போடறோம். காது குத்த அடுத்த மாசங்கூட வச்சிக்கலாம், இத வைக்க முடியாது. வாங்க ஜல்தி."

சுகாதார நிலையத்து வாசலில் இருவரும் நின்றார்கள். உள்ளே வரிசையில் பிள்ளைகள் கத்துகிற சத்தம்.

"நீ போ முன்னால."

"நீங்க போங்க. ஆம்பளைங்கள அவ்ளோவா திட்ட மாட்டாங்க."

"கொழந்தைய முன்னால காட்டு. அவன் மூஞ்சியப் பாத்தா திட்ட வராது."

அப்படியே பிள்ளையை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கலைப்பிரியா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசகரே, சவுரியம்மாள் திட்டுவதற்காக நான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல பக்கம் அது. 'பி.காம் படிச்சி இன்னாத்துக்கு' என்று தொடங்கும். சவுரியம்மாள் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்த தேதியை விரலால் தொட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பெட்டியைத் திறந்தார்.

"மடியில படுக்க வை. நீ கைய புடிச்சிக்க, அவரு கால புடிக்கட்டும். கெட்டியா."

முதலில் சொட்டு மருந்து. அதைப் பூவரசன் சப்புக்கொட்டிக் குடித்தான். பிறகு ஊசி. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. தொடையில், கையில். பிள்ளை வீல் என்று கத்தி, மூச்சை இழுத்து நிறுத்தி, இன்னும் பெரிதாகக் கத்தினான். மணிமாறன் காலைப் பிடித்தபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். கலைப்பிரியா திட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கடைசி ஊசியும் முடிந்து பஞ்சு வைத்தாகிவிட்டது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"திட்டுங்க சிஸ்டர்" என்றாள்.

"திட்டுனா எனக்கு ஆத்திரம் தீரும். அடுத்த தடவ நீ வருவியா? மாட்ட. எத்தினி பேரப் பாத்துட்டேன்." ஊசியை வெட்டிப் போட்டுக்கொண்டே சவுரியம்மாள் சொன்னார். "விட்ட எடத்துலேர்ந்து போட்டுக்கினே போலாம், ஒண்ணும் பயமில்ல. நாலு வாரம் கழிச்சி ரெண்டாவது. அதுலேர்ந்து நாலு வாரத்துல மூணாவது. வராம போயிப் பாரு, அப்ப வச்சிக்கிறேன். இப்ப அரை மணி நேரம் அந்த பெஞ்சில உக்காருங்க. ஜொரம் வந்தா குடுக்க சிரப்பு தர்றேன்."

அந்த அரை மணி நேரம் எனக்கும் வேலையில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"சார், கதை அனுப்பல."

"தெரியும்" என்றார். "ஸ்பேம்ல நான் பாக்கவே இல்ல. எப்ப அனுப்புவீங்க?"

"புதன்கிழமை சார்."

7. பதினாறாவது மாதம் (இன்னும் வராத கட்டம்)

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பிள்ளை விக்கல் அடங்கி அம்மா தோளில் தூங்கிவிட்டான். வியாழக்கிழமை மொட்டை உண்டு, காது குத்து அடுத்த மாதம். எழுதிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். சவுரியம்மாள் விடவில்லை. பெரிய நோட்டைத் திறந்து, அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரையும் கூப்பிட்டார்.

"அடுத்த ஊசி எங்க போடுவீங்க? இங்கன்னா என் லிஸ்ட்ல எழுதிடறேன். அங்கன்னா அந்தூரு நர்ஸுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன். ஊசிக்கு அம்மா வூடு, மாமியாரு வூடுன்னு எதுவும் கெடையாது. எங்கயாச்சும் ஒரு எடம் சொல்லுங்க."

"இங்கயே சிஸ்டர்" என்றாள் கலைப்பிரியா.

"அங்கயே சிஸ்டர்" என்றான் மணிமாறன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவுரியம்மாளின் பேனா நோட்டுக்கு மேலே நின்றுவிட்டது.

நானும் இங்கேயே நின்றுவிடுகிறேன். இனி என்னை நம்பாதீர்கள். கதைக்காக ஒரு மனிதனுக்குப் புதன்கிழமை விடுமுறை கொடுத்தவன் நான். இன்னொரு வளைகாப்பை நுழைத்து அந்தப் பிள்ளையை மறுபடி பஸ்ஸில் ஏற்றிவிட எனக்கு இரண்டு வரி போதும், கையும் அரிக்கிறது. அதனால் பேனாவை உங்களிடம் தந்துவிடுகிறேன். இன்றிலிருந்து நான்காவது புதன்கிழமை. திண்டிவனமா, கண்டமங்கலமா, எந்த ஊரை எழுதினாலும் பிள்ளைக்குச் சம்மதம்தான்.

இரண்டாவது ஊசி: தேதி .......... ஊர் ..........

மூன்றாவது ஊசி: தேதி .......... ஊர் ..........

எழுதிவிட்டீர்களா? வழியில் எங்காவது பார்த்தால் கேட்பேன். அங்கேயே எழுதியாச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.